டனூபியோவா, பிரியோஷ் ருஸ்திகாவா?

இத்தாலியின் நேப்பிள்ஸ் வீடுகளில் செய்யும் உப்புச் சுவை பிரியோஷ் (முட்டையும் வெண்ணெயும் சேர்த்த மென்மையான) ரொட்டிகளில் எனக்குப் பிடித்தவை இந்த இரண்டும். டனூபியோவுக்கு மாவைச் சுமார் 35 கிராம் உருண்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஹாமும் (பதப்படுத்திய பன்றி இறைச்சி) சூட்டில் இழுபடும் புரோவோலா சீஸும் வைத்து மூடி, வட்டத் தட்டில் கொஞ்சம் இடைவெளி விட்டு அடுக்க வேண்டும். இரண்டாவது முறை உப்பும்போது அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், வெந்தபின் கத்தியே வேண்டாம், ஆளுக்கொன்றாகப் பிய்த்துக்கொள்ளலாம். வேலை அதிகம்தான். மூடிய இடத்தை நன்றாகக் கிள்ளி அடிப்பக்கமாக வைக்காவிட்டால் சீஸ் வழிந்துவிடும்.

பிரியோஷ் ருஸ்திகாவில் இந்தப் பாடு இல்லை: சலாமி (உலர்த்திய இறைச்சித் தொத்திறைச்சி), சீஸ் துண்டுகளை மாவிலேயே பிசைந்து, நடுவில் துளையுள்ள அச்சில் போட்டு, உப்பியதும் 180 டிகிரியில் சுட்டால் முடிந்தது. நேரமில்லாத நாளுக்குச் சரி. ஆனால் பகிர்ந்து சாப்பிட என்றால் நான் டனூபியோ பக்கம்தான், சூடாகப் பிய்க்கும்போது சீஸ் நூல் நூலாக இழுபடும் அந்தச் சுகம் துண்டு போட்ட ரொட்டியில் கிடைக்காது.