கொடைக்கானலில் டிம் ஹார்ட்டன்ஸ் பழக்கம்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

டொரான்டோவிலிருந்து கொடைக்கானலுக்குக் குடிமாறியபோது கப்பலில் வந்த சாமான்களோடு ஒரு 12 கப் ட்ரிப் காபி மெஷினும் வந்தது. அதை ஓட்டுவதற்காக மதுரையில் ஒரு ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்கினோம். அப்புறம் எண்ணெய்ச் சூடு பார்க்க ஒரு தெர்மாமீட்டர், ஒரு டோனட் கட்டர். இந்த நாலும் சேர்ந்தால், கனடாவின் காபி-டோனட் கடையான டிம் ஹார்ட்டன்ஸ் இல்லாத குறை தீருமா? நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டுச் சமையலறையில் மழை, பனி, சீசன் என்று எல்லாக் காலத்திலும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். காபியில் முக்கால்வாசி தேறிவிட்டது. டோனட்டில் ஒரு வகை தேறியது, இன்னொரு வகையைக் கைகழுவிவிட்டேன்.

கனடா பக்கம் போகாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1964-ல் ஒன்டாரியோ மாநிலம் ஹாமில்டன் நகரில் டிம் ஹார்ட்டன் என்ற ஐஸ் ஹாக்கி வீரர் தன் பெயரிலேயே தொடங்கிய கடை அது. 1974-ல் அவர் கார் விபத்தில் இறந்துபோனார். கடை மட்டும் நாடு முழுக்கப் பரவிவிட்டது. ஆஸ்பத்திரி, பெட்ரோல் பங்க், யுனிவர்சிட்டி, நெடுஞ்சாலை ஓரம் என்று எங்கே திரும்பினாலும் ஒன்று இருக்கும். டபுள்-டபுள் என்று கேட்டால் இரண்டு பங்கு க்ரீமும் இரண்டு பங்கு சர்க்கரையும் போட்ட காபி வரும். டிம்பிட்ஸ் என்பது 1976-ல் வந்த குட்டி டோனட் உருண்டை. பெட்டியாக வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டால் காரில் சத்தம் அடங்கும். 2022 ஆகஸ்டில் டெல்லி, குருகிராம் பக்கம் இந்தியாவிலும் கடை திறந்தார்கள். நம் மலைக்கு வரவில்லை, வரும் என்று நான் காத்திருக்கவும் இல்லை.

உள்ளதைச் சொன்னால், தாண்டிக்குடி காபி அதைவிட நல்ல காபி. பழனி மலையின் கீழ்ச்சரிவில் பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பாச்சலூர் என்று மர நிழலில் மிளகோடும் ஆரஞ்சோடும் சேர்ந்து விளையும் அரபிகா அது. காபி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமே தாண்டிக்குடியில்தான் இருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் இதை வைத்துக்கொண்டு கனடா காபிக்கு ஏங்குவது வேடிக்கைதான். ஆனால் நான் தேடியது காபியின் தரத்தை இல்லை, அதன் நீளத்தை. நம் டபரா செட் காபி நாலைந்து வாயில் முடிந்துவிடும். சூடு, கசப்பு, நுரை எல்லாம் சேர்ந்து ஒரே அடியாக அடித்துவிட்டு அடங்கிவிடும். டிம் ஹார்ட்டன்ஸின் பெரிய கப்பில் அரை லிட்டருக்கும் மேல் இருக்கும். வறுவல் மிதம், கசப்பு குறைவு. ஒரு மணி நேரம் கையில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சலாம். பனி மூடிய மதியத்தில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பவளுக்கு அதுதான் தோது. வத்தலக்குண்டிலிருந்து வந்த என் மாமியார் ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னம்மா இது, கழனித் தண்ணி மாதிரி இருக்கு" என்றார். அந்தக் கழனித் தண்ணிதான் எனக்கு வேண்டும், அத்தை!

முதலில் மெஷினைப் பற்றி. அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ட்ரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மட்டும்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. என் மெஷினில் உள்ள கடிகாரம் கரண்டின் ஹெர்ட்ஸை எண்ணித்தான் ஓடுகிறது. அதனால் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். ராத்திரி பத்து மணிக்குச் சரியாக வைத்தால் காலை ஆறு மணிக்கு 4:40 என்று காட்டும். காலையில் எழுந்து வரும்போது காபி தானாகத் தயாராக இருக்கும் என்று டைமரை நம்பி இதைக் கொண்டுவர நினைப்பவர்கள் அந்த எண்ணத்தை விட்டுவிடலாம். மெஷின் 900 வாட் என்றால் ட்ரான்ஸ்ஃபார்மர் தாங்கும் அளவு 1500 விஏ-யாவது (வோல்ட்-ஆம்பியர்) இருக்க வேண்டும். அந்த அளவில் வாங்கினால் அது சமையல் மேடையில் பாதியை அடைத்துக்கொள்ளும், ராத்திரியில் லேசாக உறுமிக்கொண்டே இருக்கும்.

அதைவிடப் பெரிய தொல்லை மாலை நேரத்து வோல்டேஜ். எங்கள் தெருவில் அது 180-க்கு இறங்கும் நாட்கள் உண்டு. அப்போது மெஷினுக்குக் கிடைப்பது 95 வோல்ட்டுக்கும் கீழே. ஹீட்டரின் திறன் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் வழக்கமான சூட்டில் சுமார் 60 சதவீதம்தான் தேறும். ஒரு ஜாடி காபி இறங்க ஒன்றரை மடங்குக்கும் மேல் நேரம் ஆகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மரம் விழுந்து கரண்டே போய்விட்டால் அந்தப் பேச்சும் இல்லை. எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் லைட்டுக்கும் வைஃபைக்கும்தான் தாங்கும்.

அடுத்தது உயரம். கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர். இங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். காபியில் தண்ணீர் படும்போது சூடு 90-லிருந்து 96-க்குள் இருந்தால் நல்லது என்பார்கள். கேட்பதற்குப் பிரச்சினை இல்லாத மாதிரிதான் தெரியும். ட்ரிப் மெஷின் வேலை செய்யும் விதம்தான் சிக்கல். அடியில் உள்ள குழாயில் தண்ணீர் கொதித்து, நீராவிக் குமிழிகள்தான் அதை மேலே தள்ளுகின்றன. மேலே ஏறிக் கூடையில் சொட்டுவதற்குள் இன்னும் சில டிகிரி போய்விடும். டிசம்பர் காலையில் கண்ணாடி ஜாடி, கூடை, காபித்தூள் எல்லாமே சில்லென்று இருக்கும். விளைவு, புளிப்பும் சப்பையுமான காபி. இதற்கு மூன்று வேலை செய்கிறேன். தொட்டியில் குழாய்த் தண்ணீருக்குப் பதில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுகிறேன். காபி போடாமல் ஒரு கப் தண்ணீரைச் சும்மா ஓட்டி மெஷினைச் சூடாக்குகிறேன். தூளைச் சமவெளியில் அரைப்பதைவிட ஒரு படி நைசாக அரைக்கச் சொல்கிறேன். மூன்றும் சேர்ந்தால் புளிப்பு போய்விடுகிறது. ஒரு நல்ல செய்தியும் உண்டு. எங்களுக்கு வரும் ஊற்றுத் தண்ணீரில் உப்பு குறைவு. டொரான்டோவில் அடிக்கடி வினிகர் ஊற்றிச் சுண்ணாம்பு கழுவிய மெஷினை இங்கே அபூர்வமாகத்தான் கழுவுகிறேன்.

தூள் வாங்குவது தனிக் கதை. கனடாவிலிருந்து வருபவர்கள் 930 கிராம் சிவப்பு டின்னைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். திறந்த வாரம் சொர்க்கம். இந்த ஈரத்தில் ஒரு மாதம் போனால் அட்டை வாசம்தான். அதனால் இப்போது டின் கேட்பதில்லை. மலையிறங்கும்போது பட்டிவீரன்பட்டியில் வாங்கிக்கொள்கிறேன். காபிக்கொட்டை பதப்படுத்துவதும் வியாபாரமும் அந்த ஊரின் பழைய தொழில். அங்கே ஒரு கடைக்காரரிடம் இப்படிக் கேட்டேன்: சிக்கரி வேண்டாம், கறுக்க வறுக்க வேண்டாம், ரவையைவிடக் கொஞ்சம் நைஸ்.

"ரவை பதமா? ஃபில்டர்ல நிக்காம ஓடிருமேக்கா."

"ஓடட்டும்ணே, அதுக்குத்தான்."

அவர் இரண்டாவது தடவையும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் அரைத்தார். சிக்கரி விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். வழக்கமான 80-20 தூளை ட்ரிப் மெஷினில் போட்டால் சிக்கரி ஊறிக் காகிதத்தை அடைத்து, கூடை நிரம்பி மேடையெல்லாம் வழியும். காகித ஃபில்டர் இந்த ஊரில் நான் தேடிய கடைகளில் இல்லை. இ-பாஸ் எடுத்துக்கொண்டு லீவுக்கு வரும் சொந்தக்காரர்களிடம் சொல்லி வைக்கிறேன். தீர்ந்துபோனால் மல்துணியை வட்டமாக வெட்டிப் போட்டுச் சமாளிக்கலாம். கொஞ்சம் மண்டி இறங்கும், பரவாயில்லை.

டபுள்-டபுளின் உயிர் க்ரீமில் இருக்கிறது. அங்கே ஊற்றுவது 18 சதவீதக் கொழுப்புள்ள க்ரீம். இங்கே அந்த வகை கிடைக்காது. பாலை ஊற்றினால் சப்பை, பேக்கரி விப்பிங் க்ரீமை ஊற்றினால் மேலே எண்ணெய் மிதக்கும். அமுல் ஃப்ரெஷ் க்ரீமில் 25 சதவீதக் கொழுப்பு. டோன்டு பாலில் 3 சதவீதம். இரண்டு பங்கு க்ரீமுக்கு ஒரு பங்கு பால் கலந்தால் கிட்டத்தட்ட 18 வந்துவிடும். காய்ச்சி ஆறவைத்த பாலைத்தான் கலக்க வேண்டும், ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். இந்த ஒரு கணக்குதான் என் காபியை அந்தக் காபிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. ட்ரான்ஸ்ஃபார்மருக்குச் செலவழித்ததைவிட இதில்தான் பலன் அதிகம்.

இனி டோனட். கொடைக்கானல் பேக்கரிகளைக் குறை சொல்ல முடியாது. அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் 1845-லேயே இங்கே பங்களா கட்டிக் கோடைக்கு வந்தார்கள். அவர்கள் பிள்ளைகளுக்காக 1901-ல் தொடங்கிய பள்ளி இன்றைக்குச் சர்வதேசப் பள்ளியாக நடக்கிறது. பி.டி. ரோட்டில் நடந்தால் பிரவுன் பிரெட், சீஸ், பீநட் பட்டர், ஆப்பிள் பை எல்லாம் கிடைக்கும். டோனட் என்று கேட்டால் மட்டும் பெரும்பாலும் பன் மாவில் ஓட்டை போட்டுப் பொரித்துச் சர்க்கரை தூவியதுதான் வருகிறது. அதனால் வீட்டிலேயே இறங்கினேன்.

ஈஸ்ட் போட்டு உப்பவைக்கும் ஹனி டிப் வகைதான் நான் கைவிட்டது. இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் நாலில் மூன்று பங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். மாவுக்குள் வாயு சுலபமாக விரியும், சீக்கிரம் உப்பும், சீக்கிரம் அமுங்கவும் செய்யும். ஆனால் சமையலறையின் குளிரில் ஈஸ்ட் கிளம்பவே மாட்டேன் என்கிறது. சுடுதண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்தால் திடீரென்று கிளம்பி அளவு மீறிவிடும். ஈஸ்ட்டைக் கால்வாசி குறைத்து, ராத்திரி முழுக்க மெதுவாக உப்பவைத்துப் பார்த்ததில் டோனட் நன்றாகவே வந்தது. அதன் மேல் ஊற்றும் சர்க்கரைப் பாகுதான் தோற்கடித்தது. பனி இறங்கும் நாளில் அது உறையாது. ஈரத்தை இழுத்துக்கொண்டு வியர்த்து, தட்டில் வழிந்து கிடக்கும். பனியே இல்லாத பிப்ரவரி, மார்ச்சில் மட்டும் செய்யலாம். அதற்காக வருடம் முழுக்கக் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை.

தேறியது பேக்கிங் பவுடர் போடும் கேக் டோனட். நம் டீக்கடை வெட்டுக்கேக்குக்கு இது நெருங்கிய சொந்தம்: மைதா, முட்டை, சர்க்கரை, எண்ணெய்ச் சட்டி. ஏலக்காய்க்குப் பதில் ஜாதிக்காய். உயரத்துக்காகப் பேக்கிங் பவுடரைக் கொஞ்சம் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெயில் வெடித்து உதிரும். எண்ணெய்ச் சூடுதான் முக்கியம். புத்தகத்தில் 190 டிகிரி என்று இருக்கும். இங்கே மாவுக்குள் இருக்கும் ஈரம் 93-லேயே ஆவியாகிவிடுவதால், 190-ல் போட்டால் வெளியே கறுத்து உள்ளே களியாக இருக்கும். ஆயிரம் அடிக்கு 3 டிகிரி ஃபாரன்ஹீட் குறைக்கச் சொல்வார்கள். ஏழாயிரம் அடிக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 178 டிகிரி செல்சியஸ். தெர்மாமீட்டர் வாங்கிய காசுக்கு இதிலேயே பலன் கிடைத்துவிட்டது. எண்ணெய்க்குப் பாமாயில். டிசம்பரில் அது பாட்டிலுக்குள்ளேயே உறைந்து நிற்கும். ஆனால் ஆறிய டோனட்டில் எண்ணெய் கசியாமல் இருப்பதும் அதனால்தான்.

இந்த டோனட் எனக்கு ஞாபகமிருக்கும் ருசியைவிட நன்றாக இருக்கிறது, அதனாலேயே அதே ருசி இல்லை. 2000-களின் தொடக்கத்திலிருந்து அந்தக் கடைகளுக்கு மொத்தமாக ஓரிடத்தில் பாதி பதமாகச் செய்து உறையவைத்ததுதான் போகிறது. கடைக்குள்ளேயே பொரித்த காலத்தைப் பற்றிப் பழைய கனடியர்கள் பெருமூச்சு விடுவார்கள். எங்கள் தெருவில் ஒரு ஒன்டாரியோ அம்மா இருக்கிறார், பள்ளியில் பாடம் நடத்த வந்தவர். என் டோனட்டைச் சாப்பிட்டுவிட்டு, அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது சாப்பிட்டது இதுதான் என்றார். எனக்கு ஞாபகமிருப்பதோ உறையவைத்த காலத்து டோனட். இருவரும் இரண்டு கடைக்கு ஏங்கிக்கொண்டிருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆப்பிள் துண்டுகளை மாவில் கலந்து பொரிக்கும் ஆப்பிள் ஃப்ரிட்டருக்குப் பதிலாகச் செய்த பேரிக்காய் ஃப்ரிட்டரைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் சீசனுக்கு வரும் நாட்டுப் பேரிக்காய் கல்லாட்டம் இருக்கும். பச்சையாகக் கடிக்க யாருக்கும் ஆசை வராது. பொடியாக நறுக்கிப் பட்டைத்தூளும் சர்க்கரையும் போட்டுக் கொஞ்சம் வதக்கிக் கேக் டோனட் மாவில் கலந்து கரண்டியால் விட்டால், எண்ணெயிலும் கரையாமல் நறுக்கென்று நிற்கும். நல்ல ஆப்பிள்கூட இப்படி வராது. வீட்டில் எல்லோரும், மாமியார் உட்பட, கேட்டு வாங்கிச் சாப்பிடும் ஒரே ஐட்டம் இது.

நிரப்ப முடியாமல் போனது கடையை. விடியற்காலை ஐந்து மணிக்கு வெளிச்சமாக, சூடாக, யாரும் எழுப்பிவிடாத ஒரு நாற்காலி. இங்கே விடியற்காலையில் திறந்திருப்பது பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடைகள்தான். டீ நன்றாக இருக்கும், நின்று குடித்துவிட்டு நகர வேண்டும். உட்காரவிடும் காபி ஷாப்கள் பத்து மணிவாக்கில்தான் கதவு திறக்கும், சீசனில் இடம் கிடைக்காது.

இதே மாதிரி மலைக்குத் திரும்பி வரத் திட்டமிடுபவர்களுக்கு: மெஷினை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டு வாருங்கள். 230 வோல்ட் ட்ரிப் மெஷின் இங்கேயே ஆன்லைனில் கிடைக்கிறது, வோல்டேஜ் குறையும் பிரச்சினை இருந்தாலும் உறுமும் பெட்டி மிச்சம். கட்டரும் வேண்டாம், எவர்சில்வர் டம்ளரும் பாட்டில் மூடியும் போதும். பெட்டியில் இடம் இருந்தால் காகித ஃபில்டரை அடுக்கிக்கொண்டு வாருங்கள்.