நிரம்பிய படுக்கையா, காலியான படுக்கையா? மனநல மறுவாழ்வு இல்லங்களின் செயல்திறனை அளக்கும் முறைகள்

இரண்டு மறுவாழ்வு இல்லங்களை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் இல்லத்தின் ஒரு படுக்கையில் பத்து ஆண்டுகளாக ஒருவரே இருக்கிறார். இரண்டாவது இல்லத்தின் ஒரு படுக்கையில் அதே பத்து ஆண்டுகளில் ஐந்து பேர் இருந்தார்கள். ஆளுக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தங்கி, சமைக்கவும், மாத்திரையைத் தாமே நேரத்துக்கு எடுக்கவும், தனியாகக் கடைத்தெருவுக்குப் போய்வரவும் பழகி வெளியேறினார்கள். கணக்குப் புத்தகத்தில் முதல் படுக்கை 3,650 நாள் நிரம்பியிருந்தது. இரண்டாவது அதைவிடச் சில வாரங்கள் குறைவு, ஒருவர் போய் அடுத்தவர் வரும் இடைவெளியில் காலியாகக் கிடந்ததால். படுக்கை நிரம்பிய நாள்களை வைத்து அளந்தால் முதல் இல்லமே திறமையானது என்று விடை வரும்.

செயல்திறன் என்பது போட்டதற்கும் கிடைத்ததற்கும் உள்ள விகிதம். போட்டது, அதாவது உள்ளீடு, எது என்பதில் பெரிய சண்டை இல்லை: பணியாளர் நேரம், கட்டடம், மருந்து, பணம். கிடைத்தது, அதாவது விளைவு, எது என்பதில்தான் முறைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன.

படுக்கை நாள் கணக்கு

நிர்வாகங்களுக்கு மிகவும் பிடித்த முறை இது. மொத்தச் செலவைப் படுக்கை நிரம்பிய நாள்களால் வகுத்தால் ஒரு நாளுக்கான செலவு வந்துவிடும். தரவு ஏற்கெனவே கையில் இருக்கும், யாருக்கும் புரியும், வரவுசெலவுத் திட்டத்தில் அப்படியே எழுதலாம். மின்கட்டணம், உணவு, பராமரிப்பு ஆகியவற்றில் வீண்செலவு இருக்கிறதா என்று பார்க்க இது போதும்.

மறுவாழ்வை அளக்க இது உதவாது என்பது மட்டுமல்ல, கேடும் செய்யும். புதிதாக வருபவருக்கு முதல் சில மாதங்களில்தான் அதிக உழைப்பு தேவைப்படுகிறது. மதிப்பீடு, மருந்தைச் சீராக்குவது, நம்பிக்கை பெறுவது, குடும்பத்தோடு பேசுவது எல்லாம் அப்போதுதான். நிலைபெற்றவர் நாளடைவில் செலவு குறைந்தவர் ஆகிறார். ஆகவே ஒரு நாள் செலவைக் குறைக்க நினைக்கும் இல்லத்துக்கு எளிதான வழி, வெளியேறத் தயாராக இருப்பவரை அனுப்பாமல் வைத்துக்கொள்வது. யாரும் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்ய வேண்டியதில்லை. அளவுகோலே மெல்ல அந்தப் பக்கம் தள்ளும்.

இத்தாலியில் 1978-ஆம் ஆண்டின் 180-ஆம் எண் சட்டம் மனநோய் மருத்துவமனைகளைப் படிப்படியாக மூடவைத்தது. அதன் பின் உருவான குடியிருப்பு இல்லங்களை 2000-ஆம் ஆண்டையொட்டி நாடு முழுவதும் கணக்கெடுத்தார்கள். 1,370 இல்லங்கள், 17,138 படுக்கைகள், சராசரியாக இல்லத்துக்கு 12.5 படுக்கைகள். பெரும்பாலானவற்றில் 24 மணி நேரமும் பணியாளர்கள் இருந்தார்கள். ஒரு முழுநேரப் பணியாளருக்கு 1.42 குடியிருப்பாளர்கள் என்ற விகிதம் பொறாமைப்படத்தக்கது. ஆனால் வெளியேறியோர் விகிதம் மிகக் குறைவாக இருந்தது. படுக்கை நிரம்பியிருப்பதை மட்டும் பார்க்கும் கண்ணுக்கு அந்த இல்லங்களில் ஒரு குறையும் தெரிந்திருக்காது.

வெளியேறியவர் எண்ணிக்கை

அப்படியானால் எத்தனை பேர் வெளியேறினார்கள் என்று எண்ணினால் என்ன? முதல் பார்வைக்கு நேர்மையான மாற்று. எனக்கும் ஒருகாலத்தில் இதுவே சரியென்று பட்டது. இப்போது இதைத் தனியாகப் பயன்படுத்துவதைக் கண்டு அஞ்சுகிறேன்.

ஒரு காரணம், எண்ணிக்கை மிகச் சிறியது. பன்னிரண்டு படுக்கை இல்லத்தில் ஆண்டுக்கு நான்கு பேர் வெளியேறினால், ஒருவருக்கு நோய் திரும்புவது அந்த ஆண்டின் பலனில் கால் பங்கைக் கொண்டுபோய்விடும். இல்லத்தின் திறமைக்கும் அந்த ஆண்டின் நல்லூழுக்கும் வித்தியாசம் காண முடியாது. இன்னொரு காரணம், சேர்க்கும்போதே தெரிந்தெடுக்கும் ஆசை. இருபது ஆண்டு மனச்சிதைவோடும் போதைப் பழக்கத்தோடும் வருபவரைத் தவிர்த்து, விரைவில் தேறக்கூடியவரைச் சேர்த்தால் எண் உயரும். யாருக்கு இந்த இல்லம் மிகவும் தேவையோ அவருக்கே கதவு மூடும்.

இவற்றைவிட என்னை உறுத்துவது, வெளியேறியவர் எங்கே போனார் என்பதை இந்தக் கணக்கு கேட்பதே இல்லை என்பது. வேலையும் நண்பர்களும் உள்ள வாழ்க்கைக்குப் போனவரும், மூன்று வாரத்தில் மருத்துவமனைக்குத் திரும்பியவரும், வயதான தாயின் வீட்டில் அறைக்குள் அடைந்து கிடப்பவரும் இதில் ஒரே எண்தான். அந்தத் தாயின் இரவுகள் எந்த ஏட்டிலும் உள்ளீடாகப் பதிவாவதில்லை. செலவு குறைந்ததாக இல்லம் எழுதிக்கொள்கிறது. உண்மையில் செலவு குடும்பத்தின் தோளுக்கு மாறியிருக்கிறது. குடும்பத்தின் ஊதியமில்லா உழைப்பைச் சேர்க்காத எந்தச் செயல்திறன் எண்ணையும் நான் முழுதாக நம்புவதில்லை.

எல்லைக்கோடு வரையும் இரண்டு முறைகள்

பொருளியலாளர் ஃபாரெல் 1957-இல் தந்த யோசனை: கற்பனையான இலட்சியத்தோடு ஒப்பிடாதே, நடைமுறையில் மிகச் சிறப்பாகச் செய்பவரோடு ஒப்பிடு. அந்தச் சிறந்தவர்கள் எட்டிய அளவே எல்லைக்கோடு. அதிலிருந்து இரண்டு வகை முறைகள் கிளைத்தன.

ஒன்று, தரவு உறைப் பகுப்பாய்வு. சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் மூவரும் 1978-இல் முன்வைத்தது. சிறிய உதாரணத்தில் பார்க்கலாம். அ இல்லத்தில் 10 பணியாளர்கள். ஆண்டுக்கு 5 பேர் வெளியே சென்று நிலைபெறுகிறார்கள். ஆ இல்லத்தில் அதே 10 பணியாளர்கள், 4 பேர். இ இல்லத்தில் 20 பணியாளர்கள், 8 பேர். அ-வை எல்லைக்கோடாக வைத்தால் ஆ-வும் இ-யும் 80 விழுக்காடு. ஆனால் பெரிய இல்லத்தைச் சிறியதோடு ஒப்பிடுவது நியாயமா? பேங்கர், சார்ன்ஸ், கூப்பர் 1984-இல் சேர்த்த திருத்தத்தின்படி அளவு வேறுபாட்டை அனுமதித்தால், 8 பேரை எட்டிய வேறு இல்லமே இல்லாததால் இ 100 விழுக்காடு ஆகிவிடும். அதே தரவு, அதே இல்லம், இரண்டு தீர்ப்புகள். எந்த அனுமானத்தில் கணக்கிட்டார்கள் என்று சொல்லாத அறிக்கையைப் படிப்பவர் ஏமாறுவார்.

இந்த முறையின் அழகு, பல உள்ளீடுகளையும் பல விளைவுகளையும் ஒன்றாக எடுத்துக்கொள்வது. செவிலியர் நேரம், உளவியலாளர் நேரம், செலவு ஒரு பக்கம். நிலைபெற்றோர், வேலைக்குப் போனோர் மறுபக்கம். எதற்கு எவ்வளவு எடை என்று நாம் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு இல்லத்துக்கும் அதற்கு மிகவும் சாதகமான எடையைக் கணக்கே கண்டுபிடித்துக் கொடுக்கும். அபாயமும் அங்கேதான். கதவைப் பூட்டியே வைத்திருக்கும் இல்லம், உரிமை என்ற விளைவுக்குச் சுழிய எடை பெற்று, மலிவான செலவின் பலத்தில் முதல் வரிசையில் நிற்கலாம். இல்லங்கள் குறைவாகவும் கணக்கில் சேர்க்கும் உள்ளீடுகளும் விளைவுகளும் அதிகமாகவும் இருந்தால் எல்லோரும் 100 வாங்கிவிடுவார்கள். இல்லங்களின் எண்ணிக்கை உள்ளீடுகளும் விளைவுகளும் சேர்ந்த தொகையைப்போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும் என்ற நடைமுறை விதி அதனால்தான்.

மற்றொன்று, 1977-இல் பிறந்த சீரற்ற எல்லைப் பகுப்பாய்வு. எல்லையிலிருந்து விலகும் தூரத்தை இது இரண்டாகப் பிரிக்கிறது: ஒரு பகுதி தற்செயல், மற்றொரு பகுதி திறமைக்குறைவு. ஒருவரின் நோய் திரும்பினால் மொத்த எண்ணும் ஆடிப்போகும் இந்தத் துறைக்கு அது பெரிய வரம். ஆனால் செலவுக்கும் விளைவுக்கும் உள்ள உறவின் வடிவத்தை முன்பே ஊகிக்க வேண்டும், நிறைய இல்லங்களின் தரவு வேண்டும். ஒரு மாவட்டத்தின் எட்டு இல்லங்களுக்கு இதைப் பயன்படுத்த முனைவது வீண்.

மாற்றத்தை அளப்பவை

எந்த எல்லைக்கோடும் அதற்குள் ஊற்றும் விளைவைப் பொறுத்தது. பிரிட்டனின் அரச மனநல மருத்துவர் கல்லூரி உருவாக்கிய ஹோனோஸ் அளவுகோலில் நோய்க்குறிகளையும் அவற்றோடு வரும் சிக்கல்களையும் பற்றி 12 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். உலக சுகாதார அமைப்பின் ஹூடாஸ் 2.0 ஆறு களங்களில் அன்றாடச் செயல்பாட்டைக் கேட்கிறது. மறுவாழ்வுக்கு இரண்டாவதையே தேர்வேன். நோய்க்குறிகளை வைத்து இல்லங்களை அளப்பதில் என்ன தவறிப்போகும் என்பதை லண்டனின் பிரையர்ன், கிளேபரி மருத்துவமனைகளிலிருந்து வெளியேறியவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு காட்டியது. ஐந்தாண்டுக்குப் பின் அவர்களின் நோய்க்குறிகளில் பெரிய மாற்றமில்லை. ஆனால் வீட்டு வேலைகளில் தேர்ச்சி கூடியிருந்தது, நண்பர்கள் கிடைத்திருந்தார்கள், புதிய வீட்டிலேயே இருக்க விரும்பினார்கள். நோய்க்குறிப் பட்டியலை மட்டும் நீட்டியிருந்தால் விடை சுழியம் என்று வந்திருக்கும். ஒரு மனிதருக்கு நண்பர் கிடைப்பதைச் சுழியம் என்று எழுதும் கணக்கை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

இல்லத்தின் தரத்தை நேரடியாகப் பார்க்கும் குவிர்க் என்ற கருவியும் உண்டு. பத்து ஐரோப்பிய நாடுகளில் உருவானது. வாழ்விடச் சூழல், சிகிச்சைகள், தன்னாட்சி, சமூகத் தொடர்பு, மனித உரிமை உட்பட ஏழு களங்கள். மேலாளரே பதில் எழுதுவது அதன் வசதி, குறையும் அதுவே.

எங்கே எது

தரத்தையும் உரிமையையும் விளைவுகளில் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது, வாசலாக வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குறைந்தபட்சத் தரத்தைத் தாண்டிய இல்லங்களை மட்டுமே ஒப்பீட்டுக்குள் அனுமதிக்க வேண்டும். அப்போது பூட்டிய கதவு மலிவான செலவால் மன்னிக்கப்படாது.

நூற்றுக்கணக்கான இல்லங்கள் உள்ள ஒரு நாட்டுக்கு, நுழையும்போதிருந்த நோய்க்கடுமைக்கு ஈடுசெய்து, சீரற்ற எல்லைப் பகுப்பாய்வையும் உறைப் பகுப்பாய்வையும் இரண்டையும் ஓட்டலாம். இரண்டிலும் பின்தங்கும் இல்லத்துக்கு ஆய்வாளரை அனுப்பலாம், நிதியைக் குறைக்க மட்டும் அவசரப்படக் கூடாது. முப்பது, நாற்பது இல்லங்கள் என்றால் உறைப் பகுப்பாய்வு, மூன்று நான்கு உள்ளீடு, விளைவுகளோடு மட்டும், மூன்றாண்டுச் சராசரியில். அதிலும் தரவரிசையைவிட ஒவ்வொரு இல்லத்துக்கும் அது சுட்டிக்காட்டும் ஒப்புமை இல்லம் எது என்பதே எனக்குப் பயனுள்ளதாகப் படுகிறது. ஆ இல்லத்தின் பணியாளர்கள் அ இல்லத்துக்குப் போய் ஒரு வாரம் பார்த்துவரலாம்.

ஒரே ஒரு இல்லத்தை நடத்துபவருக்கு இந்தக் கணிதம் எதுவும் வேண்டாம். ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் போதும். வெளியேறிய ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம், இருபத்துநான்காம் மாதம் தொலைபேசியில் பேசி எழுதுங்கள்: எங்கே இருக்கிறார், யாரோடு சாப்பிடுகிறார், மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டி வந்ததா, வீட்டில் அவரைப் பார்த்துக்கொள்பவர் எப்படி இருக்கிறார்.