குழந்தைக்குப் பிளாஸ்திரி ஒத்துக்கொள்ளவில்லையா? துணி, பேப்பர், சிலிக்கோன், வெறும் கட்டு

பிளாஸ்திரியைப் பிரித்ததும் தோல் சிவந்திருந்தால், மருந்துக்கடையில் "வேற கம்பெனி குடுங்க" என்று கேட்கிறோம். கம்பெனியை விட, அதில் உள்ள பசை என்ன என்பதுதான் முக்கியம்.

அதற்கும் முன்னால், அது அலர்ஜிதானா? டேப் இருந்த இடம் மட்டும் அளவெடுத்தாற்போல் சிவந்து, ஓரிரு நாளில் அடங்கினால் பெரும்பாலும் வெறும் எரிச்சல். வேர்வை உள்ளே அடைபட்டாலோ, வெடுக்கென்று பிய்த்தாலோ வருவது. எல்லை தாண்டிப் பரவி, கடுமையாக அரித்து, சிறு நீர்க்கொப்புளமும் வந்தால் ஒவ்வாமையைச் சந்தேகிக்கலாம். இது ஒட்டிய உடனே வராமல் ஒன்றிரண்டு நாள் கழித்துக்கூட வரும். எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்பதைத் தோல் மருத்துவர் பேட்ச் டெஸ்ட் (சந்தேகப்படும் பொருள்களைத் தோலில் ஒட்டிவைத்துப் பார்க்கும் சோதனை) செய்துதான் சொல்ல முடியும்.

பழைய வகைத் துணிப் பிளாஸ்திரி விலை மலிவு, பிடிப்பு அபாரம். ஆனால் துத்தநாக ஆக்சைடு கலந்த அந்தப் பசையில் இயற்கை ரப்பரும் பைன் மரப் பிசினும் இருக்கலாம். இரண்டுமே ஒவ்வாமைக்குப் பேர்போனவை. பிடிப்பு அதிகம் என்பதால் உரிக்கும்போது மேல்தோலும் கூடவே வரும். நானாக இருந்தால் முதலில் இதைத்தான் ஒதுக்குவேன்.

பேப்பர் டேப்பில் பெரும்பாலும் அக்ரிலேட் என்ற செயற்கைப் பசை. காற்று போகும், விலையும் குறைவு. வெறும் எரிச்சல் வரும் குழந்தைக்கு இது போதும். அக்ரிலேட்டே ஆகாத குழந்தைக்கு உதவாது. பெட்டியில் 'ஹைப்போஅலர்ஜெனிக்' என்று போட்டிருந்தாலும் அப்படித்தான். அலர்ஜி வரும் வாய்ப்பு குறைவு என்பதற்கு மேல் அந்தச் சொல் எந்த உத்தரவாதமும் தருவதில்லை. சலைன் ஊசியின் மேல் ஒட்டும் கண்ணாடி போன்ற ஃபிலிமிலும் பெரும்பாலும் இதே பசைதான்.

சிலிக்கோன் டேப் மெத்தென்று ஒட்டும், முடியைப் பிடுங்காது, எடுத்துத் திரும்பவும் ஒட்டலாம். ஒவ்வாமை அபூர்வம். குறை இரண்டு: விலை பல மடங்கு, வேர்வையும் எண்ணெயும் பட்டால் கழன்றுவிடும். நம் ஊர் மே மாதத்தில் ஓடியாடும் பிள்ளைக்கு ஒரு மணி நேரம் நின்றாலே பெரிது. முகம், கழுத்து போல் கட்டுப் போட முடியாத இடங்களுக்கு மட்டும் இதற்குச் செலவழிக்கலாம்.

முழங்கால், முழங்கை, கை விரலுக்கு என் ஓட்டு பசையே இல்லாத வழிக்குத்தான்: காயத்தில் ஒட்டாத காஸ் துணி, அதன் மேல் பருத்தி ரோலர் பேண்டேஜ், நுனியைக் கிழித்து ஒரு முடிச்சு. நழுவும், அழுக்காகும், மறுபடி கட்ட வேண்டியிருக்கும். விரல் நுனி வெளுத்தாலோ வீங்கினாலோ இறுக்கம் அதிகம் என்று உடனே தளர்த்துங்கள். தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் பேண்டேஜ் வாங்கினால் 'லேடக்ஸ் இல்லை' என்று இருக்கிறதா பாருங்கள். கார்ட்டூன் பிளாஸ்திரிதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் அதைக் கட்டின் மேல் ஒட்டிவிடுங்கள். பிள்ளைக்கு அது போதும்.

டேப் ஒட்டும் முன் தடவும் பாதுகாப்புப் படலமும் கிடைக்கிறது. தோல் உரிவதைக் குறைக்கும். உண்மையான அலர்ஜிக்கு அதை நம்ப வேண்டாம்.

டேப்பை மாற்றியும் அடங்கவில்லையென்றால் அடியில் போட்ட மருந்தைப் பாருங்கள். காயப் பவுடரிலும் களிம்பிலும் வரும் நியோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து பலருக்கு ஆகாது. காயத்தில் தடவும் பழுப்பு மருந்தான போவிடோன் அயோடின் காயும் முன்பே மேலே ஒட்டினாலும் தோல் வெந்துபோகலாம்.

எந்த டேப்பானாலும் மேல்நோக்கி இழுக்காமல், ஓரத்தில் தேங்காய் எண்ணெய் தொட்டு, தோலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முடி வளரும் திசையில் தாழ்வாக மடித்து மெல்ல உரியுங்கள். மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், ஊசி போடும் முன்பே நர்ஸிடம் சொல்லி, கேஸ் ஷீட்டில் 'டேப் அலர்ஜி' என்று எழுதச் சொல்லுங்கள். அடுத்த ஷிஃப்ட்டில் வருபவருக்கும் தெரிய வேண்டுமே. சீழ், காய்ச்சல், பரவும் சிவப்பு இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். உதடு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ நேராக அவசரப் பிரிவுக்குத்தான்.