பிளெண்டரில் ஈர்ப்பும் காந்தமும்: நாள்பட்ட பயன்பாட்டில் தெரிந்தவை

பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளில் காந்தம் செய்ய வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் முட்டிக்கொள்கிறார்கள். பொருள்கள்மீது விசை செலுத்தும் ஃபோர்ஸ் ஃபீல்டுகளின் பட்டியலில் 'மேக்னட்டிக்' என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டு, தரையில் ஓர் இரும்புக் குண்டை ரிஜிட் பாடியாக (வடிவம் மாறாத திடப்பொருளாக) வைத்து ஓட்டினால் குண்டு அசையாது. ஸ்ட்ரெங்த்தை (புலத்தின் வலிமையை) 1000 ஆக்கினாலும் அசையாது. மென்பொருளில் பழுது இல்லை. அந்த ஃபீல்டு கணக்கிடுவது நகரும் மின்னூட்டத்தின்மீது காந்தப்புலம் செலுத்தும் லாரன்ஸ் விசையை, அதாவது திசைவேகத்துக்கும் புலத்துக்குமான குறுக்குப் பெருக்கலை. வேகம் இல்லையென்றால் விசையும் இல்லை. காந்தம் இரும்பை இழுப்பது வேறு சங்கதி. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

மின்னூட்டத் துகள்களுக்கு இது அருமையான கருவி. நம்புவதற்கு முன் ஒரு சோதனை மட்டும் அவசியம். ஃபீல்டின் வடிவத்தை 'ப்ளேன்' ஆக்கி, ஃபால்ஆஃப் பவரை (தூரத்தோடு புலம் குறையும் அடுக்கை) 0 ஆக வைத்தால் எங்கும் ஒரே சீரான புலம் கிடைக்கும். புலம் கிடைமட்டமாக வர ஃபீல்டைத் தாங்கும் வெற்றுப் பொருளான எம்ப்டியை 90 டிகிரி சாய்க்க வேண்டும். துகளின் 'நார்மல்' வேகம் (உமிழும் பரப்புக்குச் செங்குத்தான தொடக்க வேகம்) தானாகவே 1 என்று இருக்கும். அதை 0 ஆக்க மறந்தால் கணக்கு ஒத்துவராது. இப்போது ஈர்ப்பில் விட்டால் துகள் விழுந்து, வளைந்து, மேலேறி, மறுபடி விழும்; பாதை ஒரு சைக்ளாய்டு, அதாவது உருளும் சக்கரத்தின் விளிம்புப் புள்ளி வரையும் வளைவு. சுழற்சிக் கோணவேகம் வினாடிக்கு 10 ரேடியன் என்றால் அது இறங்கும் ஆழம் 19.6 செ.மீ., பக்கவாட்டில் நகரும் சராசரி வேகம் வினாடிக்கு 0.98 மீட்டர், ஒரு சுற்றுக்கு 0.63 வினாடி. கோணவேகத்தை ஸ்ட்ரெங்த் எண்ணிலிருந்து ஊகிக்காதீர்கள். ஈர்ப்பை அணைத்து, துகளுக்கு ஒரு வேகம் கொடுத்து, ஒரு வட்டம் முடிய எத்தனை ஃபிரேம் என்று எண்ணுங்கள். துகளுக்கு ஒரு ஃபிரேம் என்பது 0.04 வினாடி, காட்சி 24 ஃபிரேமில் ஓடினாலும் இது மாறாது. அதே காட்சியில் ரிஜிட் பாடி 1/24 வினாடிக் கணக்கில் ஓடும். இரண்டையும் கலப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்டக்ரேஷன் முறைதான், அதாவது இயக்கத்தைப் படிப்படியாகக் கணக்கிடும் வழிதான், அடுத்த கண்ணி. லாரன்ஸ் விசை வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. அந்த வழிகளில் மிக எளிதான ஆய்லர் முறை கூட்டிவிடும். மேலே சொன்ன 10 ரேடியனில், 0.04 வினாடிப் படியில், ஈர்ப்பில்லாத வட்டம் ஒரே சுற்றில் வேகத்தில் 3 மடங்கைத் தாண்டிவிடும். சப்ஃபிரேமால் ஒவ்வொரு படியையும் பத்தாகப் பிரித்தாலும் சுற்றுக்கு 13 சதவீதம் ஏறும். மிட்பாயின்ட் முறை சப்ஃபிரேம் இல்லாமலே 5 சதவீதத்தோடு நிற்கும். ஆர்கே4 (நான்காம் வரிசை ருங்கே-குட்டா முறை) போட்டால் பிழை 0.05 சதவீதத்துக்கும் குறைவுதான். துகள்கள் காரணமில்லாமல் திரையை விட்டு வெளியே பறந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இனி, இழுக்கும் காந்தம். சாதாரண 'ஃபோர்ஸ்' ஃபீல்டை எடுத்து ஸ்ட்ரெங்த்தை எதிர்மறை எண்ணாக்க வேண்டும். ஒரே அச்சில் உள்ள இரண்டு சிறு காந்தங்களுக்கு, தொலைவில், விசை தூரத்தின் 4ஆம் அடுக்குக்கு எதிர்விகிதம். ஆக பவர் 4. ஆனால் பிளெண்டர் தூரத்தோடு 1 கூட்டித்தான் அடுக்கை எடுக்கிறது. அதனால் 0.1 மீட்டரில் கிடைப்பது தூரம் 0 ஆக இருக்கும்போது உள்ள விசையில் 68 சதவீதம். மேசை அளவுக் காட்சியில் காந்தம் எங்கிருந்தும் ஏறக்குறைய ஒரே மாதிரி இழுப்பது இதனால்தான். ஒரு அலகை 1 செ.மீ. என்று வைத்து, ஈர்ப்பை −981 ஆக்கிவிட்டால் வளைவு உண்மைக்குப் பக்கத்தில் வரும்.

ஈர்ப்பு எல்லா நிறைக்கும் ஒரே முடுக்கம் தரும். ஃபோர்ஸ் ஃபீல்டு தருவது விசை. நிறையை இருமடங்காக்கினால் காந்தத்தின் பிடி பாதியாகும், விழும் வேகம் மாறாது. எனவே நிறையை முடிவு செய்த பிறகே ஸ்ட்ரெங்த்தைத் தொடுங்கள்.

தீராத குறைகள் இரண்டு. ஃபீல்டுகள் எவ்வளவு பாதிக்கும் என்று குறிக்கும் ஃபீல்டு வெயிட்ஸ் ரிஜிட் பாடி உலகம் முழுமைக்கும் ஒன்றே என்பதால் மரக்குண்டும் இரும்புக்குண்டு போலவே இழுபடும். விசை பொருளின் மையத்தில் மட்டும் செயல்படுவதால் திருப்புவிசை கிடையாது. காந்த ஊசி வடக்கு நோக்கித் திரும்பாது. ஊசி திரும்பித்தான் ஆக வேண்டுமென்றால் முஜோகோ என்ற இயற்பியல் உருவகப்படுத்தல் மென்பொருளுக்குப் போவது நல்லது. அங்கேயும் 'மேக்னட்டிக்' என்ற அமைப்பு காந்தமானி உணரிக்கு மட்டுமே, பொருளைத் தள்ளாது. ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் 3 விசை எண்கள், 3 திருப்புவிசை எண்கள் என்று ஒவ்வொரு படியிலும் நாமே எழுதலாம். காந்தத் திருப்புத்திறனையும் புலத்தையும் குறுக்குப் பெருக்கி அதில் போட்டால் ஊசி திரும்பும். இயல்பான படி 0.002 வினாடி; ஊசி வேகமாக அதிர்ந்தால் அதைப் பாதியாக்கிப் பாருங்கள்.