மாமல்லபுரமா, தரங்கம்பாடியா?

இரண்டும் வங்கக் கடலோரம்தான், இரண்டுக்கும் பழைய வரலாறு உண்டு. ஆனால் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு இன்னொன்றுக்குப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

பார்க்க நிறைய வேண்டுமென்றால் மாமல்லபுரம். பாறையிலேயே செதுக்கிய ஐந்து ரதங்கள், 8-ஆம் நூற்றாண்டில் ராஜசிம்ம பல்லவன் கட்டிய கடற்கரைக் கோயில், அப்புறம் அர்ச்சுனன் தபசு என்ற பாறைச் சிற்பத் தொகுதி. அந்தப் பெரும் பாறையில் தவம் செய்யும் பூனையையும் அதைச் சுற்றி நிற்கும் எலிகளையும் தேடிப் பாருங்கள். பல்லவச் சிற்பிக்குக் குறும்பு அதிகம். 1984-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம், சென்னைக்கும் பக்கம். அதனால் விடுமுறை நாளில் கூட்டம் நெரியும். சிற்பங்களை நிதானமாகப் பார்க்க ஒரு இரவு தங்குவது நல்லது.

தரங்கம்பாடி சின்ன ஊர். 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டை, அரித்துவரும் கடலோரத்தில் மாசிலாமணிநாதர் கோயில், 1706-இல் வந்திறங்கித் தமிழில் அச்சுப்பணி செய்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கின் நினைவுகள். அரை நாளில் சுற்றிவிடலாம். 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்ட பிறகு துறைமுகம் மங்கியது. அந்த அமைதிதான் எனக்குப் பிடித்தது.

குழந்தைகளோடு போகிறீர்களா? சரி, மாமல்லபுரம்தான். ஓடிப் பார்க்க ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். கடலில் இறங்க மட்டும் விடாதீர்கள், இழுப்பு அதிகம். புத்தகமும் கையுமாக இரண்டு நாள் சும்மா இருக்க நினைப்பவர்கள் தரங்கம்பாடிக்கே போகலாம். தங்குமிடங்கள் குறைவு, முன்பதிவு செய்துவிடுங்கள்.