கிளுவை வேலியா, கம்பி வேலியா? கொறங்காட்டை அடைக்கும் நேரத்தில் ஒரு கணக்கு

பங்குனி பிறந்தால் காங்கேயம் பக்கத்தில் கொறங்காடு, அதாவது வேலியடைத்த மானாவாரி மேய்ச்சல் காடு, வைத்திருப்பவர்களுக்கு முதல் வேலை வேலியைச் சுற்றி நடப்பதுதான். கொழுக்கட்டைப் புல் காய்ந்து வெளுத்துக் கிடக்கும். வெள்வேல மரத்தடியில் உதிரும் காயைப் பொறுக்கித்தான் செம்மறிகள் நாளை ஓட்டும். சித்திரையில் இரண்டு கோடை மழை விழுந்தால் காய்ந்த தூரிலிருந்து புல் துளிர்க்கும். அந்த இளந்துளிரை ஆடு கடித்துவிட்டால் அந்த வருஷ மேய்ச்சல் பாதிதான். அதனால் மழைக்கு முன்பே ஒரு காட்டையாவது அடைத்துப் போட்டாக வேண்டும்.

என்னிடம் நான்கு நான்கு ஏக்கரில் இரண்டு காடு. கிழக்குக் காட்டுக்கு அப்பாரு காலத்துக் கிளுவை வேலி, முள்ளுள்ள கிளுவையை நெருக்கி நட்ட உயிர்வேலி. மேற்குக் காட்டுக்கு ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கல்லுக்கால் நட்டு ஐந்து வரிசை முள்கம்பி இழுத்தேன். இப்போது அதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளுவைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். நான் எந்தப் பக்கம் என்று இதிலேயே தெரிந்திருக்கும்.

கம்பி வேலியின் சௌகரியம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரே வாரத்தில் வேலை முடிந்தது, மறுநாளே மாட்டை உள்ளே விட்டேன். இடமும் அடைக்காது. கிளுவை நெருங்கி மூட மூன்று வருஷமாவது ஆகும். அது தடித்துக்கொண்டே போய் வரப்பைத் தாண்டினால் பக்கத்துக் காட்டுக்காரரோடு வாய்த்தகராறு வேறு.

செலவில் வித்தியாசம் பெரிது. நான்கு ஏக்கர் சதுரமாக இருந்தால் சுற்றளவு ஏறக்குறைய 1,670 அடி. எட்டடிக்கு ஒன்று என்று வைத்தாலும் 200 கல்லுக்காலுக்கு மேல் வாங்கணும். கிளுவை என்றால் அடிக்கு இரண்டு போத்து (நடுவதற்கு வெட்டிய கிளைத்துண்டு) வீதம் 3,300 போத்துக்கு மேல் வேண்டும். ஆனால் அது பழைய வேலியிலேயே கிடைக்கும், வெட்டவும் நடவும் கூலி மட்டும்தான்.

சரி, செலவு ஒரு தடவையோடு போகிறது. என்னை மாற்றியது வருஷா வருஷம் வேலியில் விழும் சந்து, அதாவது ஓட்டை, அடைக்கிற வேலை.

மழைத்தண்ணீர் அறுத்துக்கொண்டு போன இடத்தில் கீழ்க்கம்பிக்கும் தரைக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி விழும். மேச்சேரிச் செம்மறி ஆடு முதலில் தலையை விட்டுப் பார்க்கும். அப்புறம் முன்னங்காலை மடக்கிக்கொண்டு உடம்பை நுழைக்கும். ஒன்று போய்விட்டால் மொத்தப் பட்டியும் பின்னாலேயே போகும். இந்த ஓட்டையை அடைக்கக் கல்லைப் புரட்டி வைத்தேன், முள்ளை வெட்டிப் போட்டேன். அடுத்த மழையில் பக்கத்திலேயே இன்னொன்று. எருமை முதுகைத் தேய்த்து ஒரு கல்லுக்காலைச் சாய்த்துவிட்டால் கம்பி தளர்ந்துவிடும். மூலைக்கால் வரை போய் இழுத்துக் கட்டணும், அதற்கு இரண்டு ஆள். துரு ஏறிய கம்பியோ இழுக்கும்போதே அறுந்துபோகும். கல்லுக்கால் முறிந்தால் ஒற்றைக் காலுக்காக வண்டி வாடகை.

கிளுவை வேலிக்கு ஓர் அரிவாளோடு போனால் போதும். சந்துக்குப் பக்கத்தில் நீண்டு நிற்கும் கிளையை வளைத்து எதிர்ப்பக்கக் கிளைக்குள் கோர்த்துவிடுவேன். மேலே தடித்த கிளை இருந்தால் வெட்டி அங்கேயே ஊன்றுவேன். பழுது பார்க்கிற சாமான் வேலியிலேயே வளர்ந்து நிற்கிறது. போன வருஷம் ஓட்டையாக இருந்த இடம்தான் இந்த வருஷம் கை நுழையாத அளவுக்கு அடர்ந்திருக்கிறது. பங்குனிச் சுற்றுக்குக் கிழக்குக் காட்டில் எனக்கு ஒன்றரை நாள் ஆகும். மேற்கில் நான்கைந்து நாள், அதுவும் கூலி ஆளோடு.

இன்னொன்று, காயம். கறவை மாடு ஒன்றுக்கு முள்கம்பியில் காம்பு கிழிந்து, புழு வைத்து, ஒரு மாதம் அலைந்தேன். மேச்சேரி ஆட்டுத் தோலுக்குத் தோல் தொழிலில் தனி மதிப்பு உண்டு. அதில் கம்பி கிழித்த தழும்பு விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்க மனசு வராது. கிளுவையிலும் முள் உண்டு, ஆனால் அது வளைந்து கொடுக்கும்.

நாய் விஷயத்தில் மட்டும் என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்வது இந்தச் சில வருஷங்களில் பெரிய பிரச்சினை. என் ஆடுகள் ராத்திரியில் வீட்டோரப் பட்டியில் அடைவதால் என் கிளுவை இதுவரை நாயிடம் சோதனைக்கு வரவில்லை. காட்டிலேயே பட்டி போடுகிறவர்கள் பட்டியை மட்டுமாவது கம்பி வலையால் சுற்றிக்கொள்வது நல்லது.

நடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கிளுவை இலை உதிர்ந்து நிற்கும்போதே வெட்டுங்கள். நாலடி, ஐந்தடிப் போத்தாக நறுக்கிச் சில நாள் நிழலில் போட்டு, வெட்டுவாய் காய்ந்தபின் ஓரடி ஆழத்தில் நடுங்கள். தண்ணீர் தேங்கும் இடத்தில் அழுகிவிடும், என் வடமேற்கு மூலையில் அழுகியது. முதல் இரண்டு வருஷம் பழைய கம்பியைக் கழற்றாதீர்கள், துளிரை ஆடே தின்றுவிடும்.

மேற்குக் காட்டில் இன்னும் 400 அடி பாக்கி. கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு முன்னால் நட்டு முடிக்கணும். சந்தை கூடிவிட்டால் ஊரில் ஓர் ஆள் அகப்படாது.