டோசிங் பம்ப்: திரையில் ஒரு கணக்கு, தொட்டியில் ஒரு கணக்கு

ரீஃப் டேங்குக்கு (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) டோசிங் பம்ப், அதாவது பவளத்துக்கான கரைசல்களைக் குறித்த நேரத்தில் அளந்து விடும் கருவி, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். பம்ப் ஹெட்டில் (ரோலர்கள் டியூபை நசுக்கிக் கரைசலைத் தள்ளும் பகுதி) டியூப் மாற்றிய கையோடு எழுதுகிறேன். சூடு கொஞ்சம் தூக்கலாக இருக்கும். எத்தனை ஹெட், என்ன மோட்டார், ஆப் உண்டா என்பதெல்லாம் பெட்டியிலேயே இருக்கிறது. பெட்டியில் இல்லாததைச் சொல்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒரு நாளைக்கான அளவைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்து, நேரம் தவறாமல் கொடுக்க மனிதனால் முடியாது, பம்பால் முடியும். விளக்கு அணைந்த பிறகு தொட்டியில் கரியமில வாயு கூடி பிஹெச் இறங்கும். பவளம் எலும்புக்கூடு கட்டும்போது ஆல்கலினிட்டியும் (தண்ணீரில் உள்ள கார்பனேட், பைகார்பனேட் அளவு) கால்சியமும் செலவாவதால் இரண்டையும் ஈடுகட்ட வேண்டும். ஆல்கலினிட்டிக்கு சோடியம் கார்பனேட் கரைசல் பயன்படுத்துபவர்கள் அதை இரவிலும், கால்சியத்தைப் பகலிலும் ஓடவிட்டால் அந்த இறக்கம் நன்றாகவே குறைகிறது. கூடவே, இரண்டு கரைசலும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சந்தித்து வெள்ளைப் புகையாகப் படிந்துபோகும் தொல்லையும் இல்லை. இந்த ஒரு வசதிக்காகவே பம்பைக் கொண்டாடலாம்.

எரிச்சல் எங்கே என்றால், ஆப் காட்டும் மில்லி கணக்கில். 10 மில்லி கொடுத்தேன் என்று அது சொல்வதற்கு ஒரே அர்த்தம்தான்: கேலிப்ரேஷன் (பம்ப் கொடுப்பதை அளந்து ஆப்பில் பதிவது) செய்த அன்று 10 மில்லிக்கு ஆன சுற்றுகளை இன்றும் சுற்றியிருக்கிறது. உண்மையில் எவ்வளவு விழுந்தது என்று அளக்க உள்ளே எதுவும் கிடையாது. கேனில் மீதம் இத்தனை மில்லி என்று ஆப் காட்டுவதும் அதே கழித்தல் கணக்குதான்.

ஹெட்டைத் திறந்து பழைய டியூபை வெளியே எடுத்துப் பார்த்தால் காரணம் புரியும். ரோலர் ஏறி இறங்கிய பகுதி தட்டையாகி, இரு பக்கமும் பளபளவென்று கோடு விழுந்திருக்கும். விரலால் அமுக்கிவிட்டால் வட்டமாகத் திரும்பாது, நீள்வட்டமாகவே நிற்கும். டியூப் விரியாவிட்டால் அடுத்த சுற்றுக்கு உறிஞ்சும் கரைசல் குறைவு. இது ஒரே நாளில் நடப்பதில்லை, அதுதான் வினை. ஆல்கலினிட்டி பக்கத்தில் இன்னொன்றும் சேரும்: டியூப் முனையில் வெள்ளைப் பொருக்கு கட்டும். முனை தண்ணீருக்குள் இருந்தால் இன்னும் வேகமாகக் கட்டும். முனையை நீர்மட்டத்துக்கு மேலே, சம்பில் (தொட்டிக்குக் கீழே இருக்கும் துணைத் தொட்டி) ஓட்டம் பலமான இடத்தில் தொங்கவிட வேண்டும். டியூப் தளர்ந்த அன்று சைஃபன் பிடித்து மொத்தக் கேனும் தொட்டிக்குள் போகாமல் இருக்க, கேன் அந்த முனையைவிடத் தாழ்வாக இருப்பதும் அவசியம்.

இந்தக் குறை எவ்வளவு பெரியது என்பதற்குக் கணக்கு போடுகிறேன். சமையல் சோடா 157 கிராமைத் தட்டில் பரப்பி 150 டிகிரியில் ஒரு மணி நேரம் சுட்டால் சுமார் 99 கிராம் சோடியம் கார்பனேட் மிஞ்சும். அதை ஆர்ஓ தண்ணீரில் கரைத்து 1 லிட்டராக்கினால் ஆல்கலினிட்டி கரைசல். (சுடாமல் அதே 157 கிராமைப் போட்டால் முழுதாகக் கரையாது, பாதி போட்டு இரட்டிப்பாக டோஸ் செய்ய வேண்டும்.) கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 132 கிராம், அதுவும் 1 லிட்டராக. இந்த வலிமையில் 100 லிட்டர் தண்ணீரை 1 டிகேஹெச் (ஆல்கலினிட்டியின் அலகு) உயர்த்த சுமார் 19 மில்லி ஆகும். கால்சியம் கரைசல் அதே 19 மில்லி, கிட்டத்தட்ட 7 பிபிஎம் உயர்த்தும். பவளம் எலும்புக்கூடு கட்டும்போது இரண்டும் இந்த விகிதத்தில்தான் செலவாகின்றன.

200 லிட்டர் தொட்டி, ஒரு நாளைக்கு 1 டிகேஹெச் செலவு என்றால் இரண்டிலும் 38 மில்லி வேண்டும். டியூப் 15 சதவீதம் தளர்ந்தால் நாளுக்கு 0.15 டிகேஹெச் பற்றாக்குறை. ஒரு வாரத்தில் 8.2 இருந்த இடம் 7.2-ஐ நெருங்கும். கால்சியம் பம்பும் அதே அளவு தளர்ந்திருந்தாலும் 420 என்பது 413 ஆகும். அதை எந்த டெஸ்ட் கிட்டும் நம்பும்படி காட்டாது. ஆகவே கால்சியம் சரியாக இருக்கிறது என்பதை வைத்து ஆல்கலினிட்டியும் சரியாக இருக்கும் என்று விட்டுவிடக் கூடாது. முதலில் அசைவது எப்போதும் ஆல்கலினிட்டிதான்.

பெரும்பாலானவர்கள் சிக்கிக்கொள்வது இதற்கு அடுத்த படியில். ரீடிங் இறங்குகிறது, பவளம் வளர்ந்துவிட்டது போல என்று ஆப்பில் 38-ஐ 44 ஆக்குகிறார்கள். ரீடிங் சரியாகிறது. பிறகு டியூபை மாற்றுகிறார்கள். புது டியூப் 44 என்றால் 44-ஐ முழுதாகக் கொடுக்கும். இப்போது தினமும் 0.15 அதிகம். சுருக்கமாகச் சொன்னால், டியூப் மாற்றிய வாரம்தான் தொட்டிக்கு ஆபத்தான வாரம். நைட்ரேட், பாஸ்பேட் குறைவாக ஓடும் எஸ்பிஎஸ் (சிறு பாலிப் கல் பவளங்கள்) தொட்டியில் ஆல்கலினிட்டி ஏறினால் அக்ரோபோரா பவளத்தின் கிளை நுனிகள் வெளுத்துத் தசை உரியும். பழுது பார்த்தபின் பவளம் சாவது இப்படித்தான்.

ரீடிங் இறங்கினால் டோஸைத் தொடும் முன் பம்பை அளக்கவும். முனையை மெஷரிங் சிலிண்டருக்குள் விட்டு, காற்றுக்குமிழ் போகும்வரை ஓட்டி, பிறகு 20 மில்லி கேட்டுப் பார்க்கவும். டியூப் வழக்கமான நீளத்திலும் உயரத்திலும் இருக்க வேண்டும். தராசில் நிறுத்து அளப்பதாக இருந்தால் வெறும் தண்ணீரை வைத்து அளக்கவும். கார்பனேட் கரைசல் 10 மில்லி கிட்டத்தட்ட 10.9 கிராம் இருக்கும், அதைத் தண்ணீர் என்று எண்ணி கேலிப்ரேட் செய்தால் அன்றிலிருந்தே டோஸ் குறையும். புது டியூப் மாட்டியதும் ஒரு முறை, அது பழகிய பின் சில நாளில் இன்னொரு முறை, அப்புறம் மாதம் ஒரு முறை. கேனில் டேப் ஒட்டிக் கோடு போட்டு வைத்தால் வாரத்துக்கு 266 மில்லி இறங்கியதா என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடும். இத்தனை சென்சார் விற்கும் காலத்தில் இந்த வேலைக்கு டேப்பும் பேனாவும் வேண்டியிருப்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. டியூப் தேயும் பொருள் என்று தயாரிப்பவர்களுக்குத் தெரியும். இத்தனை மணி நேரம் ஓடிவிட்டது, கேலிப்ரேட் செய் என்று ஆப் ஒரு வரி சொன்னால் போதும்.

அளந்தபின் பம்ப் சரியாக இருந்தால் மட்டுமே பவளத்தின் செலவு கூடியிருக்கிறது என்று அர்த்தம். இறங்கியதை ஒரே நாளில் ஏற்ற வேண்டாம், நாளுக்கு 0.5 டிகேஹெச் போதும்.

நண்பருக்குப் பதில்: இவ்வளவு பாராட்டினாலும், இன்றைக்கு வாங்கு என்று சொல்ல மனம் வரவில்லை. உங்கள் தொட்டி 100 லிட்டர். இரண்டு நாள் டோஸை நிறுத்தி ரீடிங் பாருங்கள். நாளுக்கு 0.5-க்குள் இறங்கினால் காலையில் ஒரு கரைசல், மாலையில் மற்றொரு கரைசல் என்று சிரிஞ்சில் 9 மில்லி வீதம் விட்டால் முடிந்தது, அந்த 9 மில்லி உண்மையாகவே 9 மில்லி. 1 டிகேஹெச்சைத் தாண்டினால் பம்ப் வாங்குங்கள். ஹெட் டியூப் இரண்டு செட்டும் 25 மில்லி சிலிண்டர் ஒன்றும் அன்றைக்கே சேர்த்து வாங்கிவிடுங்கள்.